சிங்கப்பூர்–நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் பல

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்குக் கிளம்பும் விமானம் பெரும்பாலான நாட்களில் வடகிழக்கே திரும்புகிறது. ஜப்பானை ஒட்டிப் பசிபிக் கடலைக் கடந்து, வட அமெரிக்காவின் மேற்குக் கரை வழியாக உள்ளே நுழைகிறது. நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பும் விமானமும் பல நாட்களில் கிழக்கு நோக்கியே பறக்கிறது: அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா, வங்கக் கடல். போகும்போதும் கிழக்கு, திரும்பும்போதும் கிழக்கு. போய்வந்த பயணி, தான் அறியாமலே பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறார்.

உலகில் இன்று இடைநிற்காமல் பறக்கும் பயணிகள் விமானச் சேவைகளில் மிக நீளமானது இதுதான். இரு நிலையங்களுக்கும் இடையே சுமார் 15,350 கிலோமீட்டர்; பயண அட்டவணையில் பதினெட்டரை மணிக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்றே நினைப்பார். பள்ளிக்கூடக் கணக்கு அதுதான். ஆனால் அந்த 15,350 கிலோமீட்டர் வழியில் எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லை. நேரமோ நாளுக்கு நாள், திசைக்குத் திசை மாறுகிறது. தூரத்தைப் பூமியின் வடிவம் முடிவு செய்கிறது. நேரத்தைக் காற்று, எரிபொருள், மலை, கடல், பாதுகாப்பு விதி, அரசுகளின் பகை எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறுக்கு வழி எது?

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் அளவுகோலால் இணைத்தால் கோடு இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று ஓடும். அது குறுக்கு வழியே அல்ல. உருண்டையைத் தட்டையாக விரித்ததால் வந்த பிழை அது. ஒரு பூமி உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களிலும் நூலின் இரு முனைகளைப் பிடித்து இழுத்தால் நூல் எங்கே படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட வட்டம் பெருவட்டம். அதன் ஒரு துண்டுதான் இந்தப் பாதை.

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டியும், நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையை ஒட்டியும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 178 பாகை வித்தியாசம். அதாவது, கிட்டத்தட்ட நேர் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இரண்டும் உள்ளன. ஆகவே இவற்றை இணைக்கும் நூல் தாய்லாந்து வளைகுடா, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் போய், மறுபுறம் கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் ஒன்றிலிருந்து கிளம்பியவருக்குப் பனிக்கடல் வழியே குறுக்கு வழி!

இந்தத் தூரத்தைக் கணக்கிட இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் போதும். பூமியைச் சீரான உருண்டையாகக் கொண்டு கோள முக்கோணவியல் சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். ஆனால் பூமி சற்றே சப்பையானது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்த 21 கிலோமீட்டர் வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைப் போலந்தில் பிறந்த நில அளவையாளர் வின்சென்டி 1975இல் வெளியிட்டார். நீண்ட வழித்தடங்களில் இரண்டு விடைகளுக்கும் பத்து, இருபது கிலோமீட்டர் மாறுபாடு வருவது இதனால்தான். ஒரே ஊரில் இரண்டு விமான நிலையங்கள் இருந்தாலும் எண் மாறும். சிங்கப்பூரிலிருந்து கென்னடி நிலையத்தைவிட அருகிலுள்ள நியூவர்க் நிலையம் சில கிலோமீட்டர் குறைவு.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்கள் அளவு கடல் மைல்: 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் நீளம் அது. வரைபடத்தின் ஓரத்தில் உள்ள பாகைக் குறியை வைத்தே தூரத்தை அளந்துவிடலாம் என்பதால் கப்பல்காரர்களிடமிருந்து விமானிகளுக்கு வந்த சொத்து அது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என்பதால், எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே குறுக்கு வழி 20,000 கிலோமீட்டரைத் தாண்டவே முடியாது. ஸ்பெயினின் மாட்ரிட்டும் நியூசிலாந்தின் வெலிங்டனும் இந்த உச்ச வரம்பை நெருங்கி நிற்கும் ஊர்கள்.

நாட்கணக்கில் அளந்த காலம்

இந்தத் தூரங்கள் புதியவை அல்ல. அவற்றைக் கடக்கும் நேரம்தான் புதிது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை அந்தத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். லண்டனிலிருந்து கராச்சிக்கு வந்த விமானத் தபாலோடு சென்னையை இணைத்தது அந்தச் சேவை. 1935இல் பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போக பன்னிரண்டரை நாள் ஆயிற்று. வழியெல்லாம் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். இரவில் தங்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருந்த இந்த வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க 1943 ஜூலையில் குவாண்டாஸ் நிறுவனம் துணிந்த வழி இன்றும் வியக்கவைக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஸ்வான் ஆற்றிலிருந்து எழும்பும் கேட்டலினா கடல் விமானங்கள், இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்து இலங்கையில் காலிக்கு அருகே கொக்கல ஏரியில் இறங்கின. தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். நேரம் 27 முதல் 33 மணி வரை. எதிரி கேட்டுவிடக் கூடாதென வானொலியைப் பயன்படுத்தவில்லை. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். எரிபொருளின் எடை காரணமாக மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைப் பார்த்த பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் சான்றிதழ் தரப்பட்டது. 1945 ஜூலைவரை 271 முறை இந்தக் கடலைக் கடந்தார்கள். வானில் இருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால், பயணிகளை ஏற்றிய எந்த வழக்கமான விமானச் சேவையும் இன்றுவரை இதை மிஞ்சவில்லை. இன்று அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகமான தூரத்தைச் சிங்கப்பூர் விமானம் அதன் மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில் கடக்கிறது.

போர் முடிந்தபின் 1947 டிசம்பர் 1 அன்று சிட்னியிலிருந்து லண்டனுக்கு 29 பயணிகளோடு கான்ஸ்டெலேஷன் விமானம் ஒன்று கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிபோலி என்று இறங்கி ஏறி நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது. பிறகு ஜெட் விமானம் வந்தது. 1958இல் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங் 707ஐ நியூயார்க்–பாரிஸ் தடத்தில் இறக்கியபோது நாட்கணக்கு மணிக்கணக்காகிவிட்டது. அதற்குப் பின் பயணிகள் விமானத்தின் வேகம் பெரிதாகக் கூடவே இல்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 707 பறந்த மணிக்கு 900 கிலோமீட்டர் சுமாரான வேகத்தில்தான் இன்றைய ஏர்பஸ் ஏ350ம் பறக்கிறது. விதிவிலக்காக வந்த கான்கார்ட், 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் போய்ச் சேர்ந்தது. 2003இல் அது ஓய்வு பெற்றுவிட்டது. ஆகவே கடந்த அறுபது ஆண்டுகளில் பயண நேரம் குறைந்ததற்கு முக்கியக் காரணம் வேகம் அல்ல. இடையில் இறங்காமல் போகும் திறன்.

காற்றின் கணக்கு

பயண நேரத்தை அன்றாடம் மாற்றுவது காற்று. 1920களில் ஜப்பானின் தத்தேனோ வானிலை ஆய்வகத்தில் ஓயிஷி வசபுரோ என்ற ஆய்வாளர் பலூன்களைப் பறக்கவிட்டு, மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கே அசாதாரண வேகத்தில் காற்று வீசுவதைக் கண்டறிந்தார். உலகம் படிக்கட்டும் என்று அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார், உலகம் கவனிக்கவில்லை. 1944இல் டோக்கியோமீது குண்டுவீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறியபோதுதான் அதன் வலிமை மற்றவர்களுக்கு உறைத்தது. இன்று அதற்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து உண்டாக்கும் காற்றாறு அது. குளிர்காலத்தில் அதன் வேகம் கூடும். சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும்.

எதிரியாக இருந்த காற்றைக் கூட்டாளியாக்கியது பான் அமெரிக்கன். 1952 நவம்பரில் டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு அந்தக் காற்றின் முதுகில் ஏறிப் பறந்தபோது 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணியாகச் சுருங்கியது. எந்த இயந்திரத்தையும் மாற்றாமல் கிடைத்த லாபம்.

கணக்கு எளிது. காற்றைப் பொறுத்தவரை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் 15,000 கிலோமீட்டர் போக வேண்டும். பின்னாலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளினால் 15 மணி. அதே காற்று எதிரே வீசினால் 18 மணி 45 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 16 மணி 40 நிமிடம். கவனித்துப் பார்த்தால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: போகவர இரண்டையும் கூட்டினால் காற்றுள்ள நாளின் மொத்தம், காற்றில்லாத நாளின் மொத்தத்தைவிட 25 நிமிடம் அதிகம். எதிர்க்காற்றில் செலவிடும் நேரம் நீளமானதால், பின்காற்று தரும் லாபம் அதை ஈடுகட்டுவதில்லை. ஆகவேதான் இரு திசையிலும் பின்காற்றைத் தேடிப் பூமியைச் சுற்றிவருகிறது சிங்கப்பூர்–நியூயார்க் விமானம். பசிபிக் வழியாகப் போகும்போது பறக்கும் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஆனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

இதற்கு இந்தியச் சான்று ஒன்று இன்னும் தெளிவானது. ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சேவையை 2015 டிசம்பரில் அட்லாண்டிக் வழியாகத் தொடங்கியது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றியது. பறந்த தூரம் சுமார் 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆகக் கூடியது. பயண நேரமோ இரண்டு மணிவரை குறைந்து பதினான்கரை மணி ஆனது. நீளமான வழி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவப் பகுதி வழியாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. இரு ஊர்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். பயணம் ஏறக்குறைய 17 மணி.

2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் தரையிறங்கியது. வழக்கமாக ஆறு மணிக்கும் மேலாகும் பயணம். தரையிலிருந்து அளந்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. அது நீந்திய காற்றே வேகமாக ஓடியது. காற்றைப் பொறுத்தவரை விமானம் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. இப்படிக் காற்று தினமும் இடம் மாறுவதால், வட அட்லாண்டிக்கின்மேல் விமானங்கள் போக வேண்டிய தடங்களைக் கனடாவின் கேண்டர், ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் ஆகிய இடங்களில் உள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்கள் ஒவ்வொரு நாளும் புதிதாக வகுத்துத் தருகின்றன.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாக நெருங்கி வர வேண்டாமா என்று பலர் கேட்பதுண்டு. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. ஆனால் காற்று மண்டலமும், விமானம் நின்ற ஓடுபாதையும், விமானமும் அதே வேகத்தில் சேர்ந்தே சுழல்கின்றன. அதனால் நேரடி லாபமோ நஷ்டமோ இல்லை. சுழற்சி காற்றின் திசையைத் திருப்புகிறது. அந்தக் காற்றுதான் விமானத்தைத் தள்ளுகிறது.

தென்னிந்தியாவுக்கு மேலே கதை வேறு. பருவமழைக் காலத்தில் இங்கே மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் விளக்கி எழுதினார். அதன் மையம் பயணிகள் விமானம் பறக்கும் 10, 12 கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. சென்னை–சிங்கப்பூர் தடம் சுமார் 2,920 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த வானில் வட அட்லாண்டிக் அளவுக்குப் பெருங்காற்று இல்லாததால், போகவும் வரவும் நாலு மணியையொட்டியே நேரம் அமைகிறது.

எரிபொருளைச் சுமக்க எரிபொருள்

சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தின் சொந்த வரலாறே தூரத்துக்கும் செலவுக்கும் இடையே நடந்த இழுபறியைச் சொல்கிறது. 2004 ஜூனில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500ஐ நியூவர்க்குக்கு விட்டது. எண்ணெய் விலை ஏறியது. 2008இல் மலிவு இருக்கைகளை எடுத்துவிட்டு, நூறு பிசினஸ் வகுப்பு இருக்கைகள் மட்டும் வைத்துப் பார்த்தது. அதுவும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நின்றது. விமானத்தால் பறக்க முடிந்தது. வரவு செலவால் முடியவில்லை.

2018 அக்டோபர் 11 அன்று இரட்டை இயந்திரம் கொண்ட, மிக நீண்ட தூரத்துக்கான ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தோடு அது மீண்டு வந்தது. 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் சேவை தொடங்கியது. இந்த விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடை சுமார் 130 டன். விமானம் எழும்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன். அதாவது, தொட்டி நிரம்பிய விமானத்தில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய்தான். முதல் சில மணி நேரம் எரியும் எண்ணெயில் கணிசமான பங்கு, கடைசி மணி நேரத்துக்கான எண்ணெயைத் தூக்கிச் செல்லவே செலவாகிறது. அதனால்தான் இதில் 161 இருக்கைகள் மட்டும்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பதினெட்டு மணி நேரத்துக்கு நான்கு விமானிகள் முறைவைத்து ஓட்டுகிறார்கள். ஓய்வெடுக்கும் இருவருக்குத் தனிப் படுக்கை இருக்கிறது.

எடை குறைந்தால் தூரம் நீளும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்க முடியாத நிலையில், ஏர் டஹிட்டி நுயி விமானம் டஹிட்டித் தீவின் பப்பீட்டேயிலிருந்து பாரிசுக்கு 15,700 கிலோமீட்டருக்கும் மேல் நிற்காமல் பறந்தது. இரண்டு ஊர்களும் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டவை என்பதால், கணக்குப்படி அது ஓர் உள்நாட்டுப் பயணம்!

கடலும் மலையும் போடும் வேலி

காற்றும் எண்ணெயும் சாதகமாக இருந்தாலும் எங்கு வேண்டுமானாலும் பறந்துவிட முடியாது. ஓர் இயந்திரம் நின்றுபோனால் மற்றொன்றைக் கொண்டு எவ்வளவு நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய முடியும் என்பது இரட்டை இயந்திர விமானத்துக்கான முதல் கேள்வி. 1953இல் அமெரிக்க விதி 60 நிமிடம் என்று கட்டுப்படுத்தியது. அதனால் பெருங்கடலைக் கடக்க மூன்று, நான்கு இயந்திர விமானங்களே உதவின. இயந்திரங்களின் நம்பகம் கூடக் கூட, 1985இல் அது 120 நிமிடம் ஆனது, பிறகு 180. ஏ350க்கு 2014இல் 370 நிமிடம்வரை அனுமதி கிடைத்தது. சிட்னியையும் தென்னமெரிக்காவின் சாண்டியாகோவையும் இணைக்கும் தென்கடல் தடங்களில் இரட்டை இயந்திர விமானங்கள் இன்று தைரியமாகப் போவதற்கு இந்த அனுமதியே காரணம்.

திபெத் பீடபூமியை விமானங்கள் பெரும்பாலும் சுற்றிப் போவதற்கும் இப்படியொரு காரணம் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் முகமூடி வழியாகப் பயணிகளுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் பெரும்பாலும் 12 முதல் 20 நிமிடம்வரைதான் போதும். அதற்குள் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்க இடமில்லை.

மூடப்பட்ட வானம்

இயற்கை வைக்கும் தடைகளை அறிவியல் ஓரளவு தாண்டிவிட்டது. மனிதர் வைக்கும் தடைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹெல்சிங்கி–டோக்கியோ தடம் இதற்கு மிகச் சரியான சான்று. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மூடியிருந்ததால், 1983இல் ஃபின்ஏர் நிறுவனம் வட துருவத்தின்மேல் பறந்து பேரிங் நீரிணை வழியாகச் சுற்றிப் போனது. சுமார் 13 மணி. பிறகு சைபீரிய வானம் திறந்தது. ஒன்பது, ஒன்பதரை மணியில் டோக்கியோ. ஹெல்சிங்கி ஆசியாவுக்கான வாசலாயிற்று. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடியது. ஃபின்ஏர் மீண்டும் துருவத்தின்மேல் ஏறியது. நேரம் மறுபடியும் 13 மணி. நாற்பது ஆண்டு விமான அறிவியல் முன்னேற்றத்தை ஒரு போர் துடைத்துவிட்டது.

பெர்த்–லண்டன் தடம் இன்னொரு பாடம். 14,500 கிலோமீட்டர் தூரத்தைக் குவாண்டாஸின் போயிங் 787 விமானம் 2018 மார்ச் முதல் சுமார் பதினேழரை மணியில் நிற்காமல் கடந்துவந்தது. 2024 ஏப்ரலில் ஈரானைச் சுற்றிப் பதற்றம் எழுந்ததும் அந்த வானத்தைத் தவிர்க்க வேண்டியதாயிற்று. வழி நீண்டது. லண்டன் போகும் விமானங்கள் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டன. லண்டனிலிருந்து திரும்பியவையோ நிற்காமலே வந்தன. பின்காற்று அவற்றைக் காப்பாற்றியது. ஒரே தடத்தில், ஒரே வாரத்தில், ஒரே வகை விமானத்தில் இத்தனை வேற்றுமை.

இந்தியப் பயணிகளுக்கும் இது நேரடி அனுபவம். 2019இல் பல மாதங்கள் மூடப்பட்ட பாகிஸ்தான் வானம், 2025 ஏப்ரல் 24 முதல் இந்திய விமான நிறுவனங்களுக்கு மீண்டும் மூடப்பட்டது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் குஜராத் பக்கம் தெற்கே இறங்கி, அரபிக் கடல் வழியாகச் சுற்றுகின்றன. வட அமெரிக்கா போகும் சில ஏர் இந்தியா விமானங்கள் இடையில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று. டெல்லிக்கும் நியூயார்க்குக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

பயணச்சீட்டில் ஓடும் கடிகாரம்

சிங்கப்பூரில் நண்பகல் 12 மணிக்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், நியூயார்க்கில் அதே நாள் மாலை 6.40க்கு இறங்கலாம். கோடையில் இரு ஊர்களுக்கும் 12 மணி நேர வித்தியாசம். பயணச்சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது 6 மணி 40 நிமிடப் பயணமாகத் தோன்றும். திரும்பும்போது நியூயார்க்கில் இரவு 10.30க்கு ஏறுபவர் சிங்கப்பூரில் இறங்கும்போது காலண்டரில் இரண்டு தேதிகள் கழிந்திருக்கும். குளிர்காலத்தில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்புவதால் இந்தக் கணக்கும் மாறும்.

அட்டவணையில் போடும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து, மறுமுனையில் வாயிலில் போய் நிற்பதுவரை உள்ள மொத்தத்தைப் ‘பிளாக் டைம்’ என்கிறார்கள். நெரிசல் மிகுந்த கென்னடி நிலையத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கே அரை மணி ஆகிவிடலாம். அதையும், வழக்கமான தாமதத்தையும் சேர்த்துச் சற்றே தாராளமாக நேரம் போடுவது விமான நிறுவனங்களின் பழக்கம். குறிப்பிட்ட நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டால் அமெரிக்கக் கணக்கில் அது ‘சரியான நேரம்’. ‘முன்கூட்டியே வந்துவிட்டோம்’ என்று விமானி அறிவிப்பதில் பாதிப் பெருமை அட்டவணை எழுதியவரைச் சேரும்.

தூரம் குறையக் குறைய இந்தத் தரைக்கணக்கின் பங்கு கூடுகிறது. சென்னை–பெங்களூர் பயணத்தில் வானில் இருப்பது நாற்பது நிமிடத்தையொட்டித்தான். அட்டவணையோ ஒரு மணி. உலகின் மிகக் குறுகிய சேவையான ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே தடத்தில் தூரம் 2.7 கிலோமீட்டர், பறக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள்.

இனி வரும் நேரம்

சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தின் சாதனையை முறியடிக்கக் காத்திருப்பது சிட்னி–லண்டன், 17,000 கிலோமீட்டர். குவாண்டாஸ் இதற்கென 20,000 லிட்டர் கூடுதல் தொட்டியும் 238 இருக்கைகளும் கொண்ட ஏ350-1000 விமானங்களைச் செய்யச் சொல்லியிருக்கிறது. 22 மணி நேரம்வரை பறக்கக்கூடியவை அவை. இந்தத் திட்டத்துக்கு ‘புராஜெக்ட் சன்ரைஸ்’ என்று பெயர். கொக்கல ஏரிக்கு வந்த அந்தக் கேட்டலினா விமானங்களின் நினைவாக வைத்தது. 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 49 பேரோடு 19 மணி 16 நிமிடம் பறந்து, இத்தனை நேரம் உடல் எப்படித் தாங்குகிறது என்றும் சோதித்துப் பார்த்தார்கள்.

காற்றும் இப்போதிருப்பதுபோல் இருக்கப்போவதில்லை. பருவநிலை மாற்றத்தால் அட்லாண்டிக் மேல்வானின் ஜெட் காற்று வலுப்பெறும் என்றும், கிழக்கே போகும் பயணம் சுருங்கி மேற்கே போகும் பயணம் அதைவிட அதிகமாக நீளும் என்றும், அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் ஆண்டுக்கு மொத்தம் 2,000 மணி நேரம் கூடுதலாக வானில் இருக்க நேரும் என்றும் ரெடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016இல் கணக்கிட்டுச் சொன்னார். அதற்கு எரியும் எண்ணெய் மறுபடி வெப்பத்தையே கூட்டும்.

தானே கணக்கிட்டுப் பார்க்க விரும்பும் வாசகர் பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணியைக் கூட்டலாம். சிங்கப்பூர்–நியூயார்க்குக்கு பதினெட்டரை மணியும், பெர்த்–லண்டனுக்கு பதினேழரை மணியும் வரும், அட்டவணையோடு ஒத்துப்போகும். 8,230 கிலோமீட்டர் கொண்ட சென்னை–லண்டனுக்குப் பத்தேகால் மணி வரும்; மேற்கே போவதால் இன்னும் அரை மணியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைவிட அட்டவணை நேரம் ஒன்றரை, இரண்டு மணி நீண்டிருந்தால் வழியில் ஏதோ ஒரு வானம் மூடியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்தக் கூடுதல் நேரத்துக்கும் எண்ணெய்க்கும் கடைசியில் பணம் கட்டுபவர் பயணிதான். எந்த வழியாகப் போகிறோம், ஏன் இவ்வளவு நேரம், எங்கே இறங்கக்கூடும் என்பதைப் பயணச்சீட்டு விற்கும்போதே விமான நிறுவனங்கள் சொல்ல வேண்டும். அதைக் கட்டாயமாக்குவது ஒவ்வொரு நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கடமை.